ஏலமலையில் சென்சார் வலை: பேட்டரி தாங்கும் வழி எது?

2024 கோடையில் இடுக்கி மாவட்டத்தில் ஏலச்செடிகள் கருகிப்போனதற்கு அப்புறம், மண் ஈரத்தை அளந்து சொல்லும் சென்சார் வைக்கலாமா என்று விசாரிக்கிறவர்கள் கூடிவிட்டார்கள். போடிமெட்டைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பலருக்கு வீடு போடியிலோ கம்பத்திலோதான். தோட்டம் கேரளத்தில், கணக்குப்புத்தகம் தமிழ்நாட்டில். எந்தச் சரிவுக்கு இன்று தண்ணீர் விட வேண்டும் என்பதை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டால் ஒரு ஜீப் நடை மிச்சம்.

சென்சார் வாங்குவது எளிது. அது அளந்த எண் கடைசிச் சரிவிலிருந்து பங்களா வரை எந்த வழியாக வந்து சேரும் என்பதில்தான் பேட்டரியின் ஆயுள் இருக்கிறது. விற்க வருகிறவர்கள் ஆளுக்கொரு வழியைச் சொல்கிறார்கள்: ஒவ்வொரு சென்சார் பெட்டியும் நேராகக் கேட்வேக்கு (எல்லாச் செய்தியையும் வாங்கி நெட்டுக்கு அனுப்பும் பெட்டி) அனுப்பும் லோரா என்ற ரேடியோ, பெட்டிக்குப் பெட்டி கைமாற்றி வரும் மெஷ், குழுத்தலைவர் வைத்து அனுப்பும் கிளஸ்டர். எல்லாருமே "எனர்ஜி எஃபிஷியன்ட்" என்றுதான் சொல்கிறார்கள். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்பது நல்லது: ரேடியோவுக்கு மட்டும் ஒரு நாளைக்கு எத்தனை மில்லிஆம்பியர்-மணி போகும்?

கணக்குக்கு ஒரு தோட்டத்தை வைத்துக்கொள்வோம். 40 ஏக்கர், நடுவில் ஒரு ஓடை, இரண்டு பக்கமும் சரிவு. 40 நோடு, அதாவது சென்சாரும் ரேடியோவும் பேட்டரியும் சேர்ந்த பெட்டி. ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு ஒரு முறை 20 பைட் அனுப்பும். கரண்ட் இருப்பது பங்களாவிலும் காய் ஸ்டோரிலும் மட்டும். நோடுக்குள் 2500 மில்லிஆம்பியர்-மணி அளவு பேட்டரி. சோலார் பேனல் வைத்தால் தீர்ந்தது என்று சிலர் சொல்வார்கள். ஏலம் நிழல் பயிர். மேலே மரம், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேகம். போதாக்குறைக்கு, அழுகல் நோய்க்குத் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கும் போர்டோ கலவை பேனலின் கண்ணாடியில் நீலமும் வெள்ளையுமாகப் படிந்து காய்ந்துவிடும். செடிக்கு மருந்தடிக்கிறவர் பேனலைத் துடைத்துவிட்டுப் போகமாட்டார், அது அவர் வேலையும் இல்லை. ஆகவே சரிவில் நிற்கும் நோடுக்குப் பேட்டரிதான் கதி என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்.

அனுப்புவதுதான் அதிகம் தின்னும் என்று தோன்றும். உண்மையில் காத்திருந்து கேட்பதுதான் ஆளை விழுங்குகிறது. மெஷ் ஆராய்ச்சிகளில் பல வருடம் ஓடிய சிசி2420 என்ற 2.4 கிகாஹெர்ட்ஸ் சிப், முழு வலுவில் அனுப்பும்போது சுமார் 17 மில்லிஆம்பியர் எடுக்கும், கேட்கும்போது சுமார் 19. அதாவது யாராவது பேசுவார்களா என்று சும்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதற்கும் கத்துவதற்கும் ஒரே செலவு. போடிமெட்டில் போனுக்குச் சார்ஜ் சீக்கிரம் இறங்குமே, டவரைத் தேடித் தேடி, அதே கதைதான். 20 மில்லிஆம்பியர் வீதம் நாள் முழுக்க விழித்திருந்தால் ஒரு நாளைக்கு 480. நம் பேட்டரி ஐந்தே நாளில் காலி. நூற்றில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்தால் 4.8. அப்போது ஐந்நூறு நாளுக்கு மேல் ஓடும். வழியைத் தேர்ந்தெடுப்பதென்றால் முதலில் பார்க்க வேண்டியது, அந்த வழி ஒரு நோடை எவ்வளவு நேரம் விழித்திருக்கச் சொல்கிறது என்பதுதான்.

கிளஸ்டர் வழியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் கல்லூரி புராஜெக்ட்டுகளில் இதுதான் அதிகம். லீச் என்ற முறையை 2000-ல் எம்ஐடியைச் சேர்ந்த வெண்டி ஹைன்செல்மனும் அவருடைய ஆசிரியர்களும் முன்வைத்தார்கள். யோசனை அழகானது. நோடுகள் சிறு குழுக்களாகப் பிரியும். குழுவுக்கு ஒரு தலைவர். உறுப்பினர்கள் தலைவருக்கு அனுப்புவார்கள், தலைவர் எல்லாவற்றையும் சுருக்கி ஒரே செய்தியாகத் தூரத்துக் கேட்வேக்கு அனுப்புவார். தலைவர் பதவியில் செலவு அதிகம் என்பதால் சுற்றுக்குச் சுற்று பதவி மாறும். ஒரே ஆள் தலையில் பாரம் விழாது. இதன்பின் ஹீட், பெகாசிஸ் என்று அந்த வம்சத்தில் நிறைய வந்தன.

தோட்டத்தில் இது ஏன் உதவாது? ஒன்று, எந்த நோடும் தேவைப்பட்டால் வலுவைக் கூட்டி நேராகக் கேட்வேயைத் தொட்டுவிடும் என்று லீச் நம்புகிறது. ஓடைக்கு அந்தப்பக்கம் இருக்கும் நோடுக்கு நடுவில் மலையே நிற்கிறது, எவ்வளவு கத்தினாலும் கேட்காது. அது தலைவரான சுற்றில் குழு முழுக்க ஊமை. இரண்டு, சுருக்குவது. பத்து நோடின் மண் ஈரத்தைச் சராசரியாக்கி ஒரே எண்ணாக அனுப்பினால் செலவு குறையும், வாஸ்தவம். ஆனால் நமக்கு வேண்டியது எந்தச் சரிவு காய்கிறது என்ற தகவல். சராசரியில் அது கரைந்துவிடும். பிறகு எதற்குச் சென்சார்? மூன்றாவது, தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் நேரம் பிரித்துக் கொடுக்கவும் எல்லா நோடும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். கம்ப்யூட்டர் சிமுலேஷனில் அது இலவசம், தோட்டத்தில் அதற்கும் பேட்டரி செலவாகும்.

அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட ரேடியோ கணக்கையே வைத்து இன்னொன்றும் பார்க்கலாம். ஒரு பிட்டுக்கு மின்சுற்று 50 நானோஜூல் தின்னும், அது அனுப்பினாலும் சரி, வாங்கினாலும் சரி. தூரத்துக்காக ஆம்ப்ளிஃபையர் ஒரு பிட்டுக்கு 100 பிகோஜூலைத் தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கிய அளவு எடுக்கும். நேராக அனுப்புவதற்குப் பதில் நடுவில் ஒரு நோடை வைத்து இரண்டு பாதியாகப் பிரித்தால், ஆம்ப்ளிஃபையர் செலவு பாதியாகும். ஆனால் நடுவில் இருப்பவர் ஒரு முறை வாங்கி ஒரு முறை அனுப்ப வேண்டும், அதற்கு 100 நானோஜூல் கூடும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் சுமார் 45 மீட்டருக்குள் இடையாள் வைப்பது நஷ்டம். "குட்டிக் குட்டித் தாவலாகப் போனால் மிச்சம்" என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம். அதிலும் அந்த இடையாள் எப்போது செய்தி வரும் என்று விழித்திருக்கும் செலவு இதில் சேரவே இல்லை.

அடுத்தது மெஷ், சரியாகச் சொன்னால் கேட்வேயை வேராக வைத்து வளரும் மரம். இது பரீட்சைக்கு மட்டும் உள்ள விஷயம் அல்ல, நிஜமாகவே வேலை செய்கிறது. 2009-ல் வெளியான சிடிபி, 2012-ல் இணையத் தரமாக ஆர்எஃப்சி 6550 என்ற எண்ணில் வந்த ஆர்பிஎல், இரண்டும் இந்த வகை. ஒவ்வொரு நோடும் தனக்கு ஒரு பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும். பக்கத்தில் இருப்பவர் என்பதற்காக அல்ல, ஒரு செய்தியைக் கொண்டுசேர்க்க எத்தனை தடவை அனுப்ப வேண்டியிருக்கும் என்ற மதிப்பு குறைவாக இருப்பவரை. பத்தில் ஐந்து தொலைகிற நேர்வழியைவிட, பத்தில் ஒன்றுகூடத் தொலையாத இரண்டு தாவல் பத்திரம். வழி நிலையாக இருக்கும்வரை அறிவிப்புகளை இடைவெளி கூட்டிக் கூட்டிச் சொல்லி, ஏதாவது மாறினால் உடனே அடுத்தடுத்துச் சொல்லும் டிரிக்கிள் என்ற உத்தியும் உள்ளே இருக்கிறது. பேச்சைக் குறைப்பதில் இதற்கு இணை கிடையாது. நேரத்தைத் துண்டு துண்டாக வகுத்து, இன்னார் இந்தத் துண்டில் பேசுவார் என்று ஏற்பாடு செய்யும் டிஎஸ்சிஎச் முறையோடு சேர்த்தால் விழித்திருக்கும் நேரம் நூற்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கும்.

இதன் நோய் வேர்ப்பக்கத்தில் வரும். நம் 40 நோடில் பங்களா கேட்வேக்கு எட்டும் தூரத்தில் நாலுதான் என்று வையுங்கள். மீதி 36-ன் செய்தியும் அந்த நாலு வழியாகத்தான் வரும். கடைசிச் சரிவில் இருப்பது ஒன்று அனுப்பிவிட்டுத் தூங்கும்போது, இந்த நாலும் ஆளுக்கு ஒன்பது வாங்கி, பத்து அனுப்பும். முதலில் சாவது அவைதான். அவை செத்தால் மற்ற 36-ம் பேட்டரி நிறைய வைத்துக்கொண்டு பேச ஆளில்லாமல் நிற்கும். ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் பெரிய பெரிய சூத்திரம் எழுதியிருக்கிறார்கள். தோட்டத்தில் வைத்தியம் சின்னது: அந்த நாலுக்கும் பெரிய டி சைஸ் லித்தியம் பேட்டரி போடுவது, அல்லது ஸ்டோரிலிருந்து கரண்ட் இழுப்பது.

அதைவிடப் பெரிய தொந்தரவு இலை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை ஈர இலையில் மாட்டிக்கொள்ளும். வெட்டவெளியிலேயே அதே தூரத்துக்கு, 865 மெகாஹெர்ட்ஸைவிட இதற்குச் சுமார் 9 டெசிபல் இழப்பு அதிகம். ஏலத்தட்டை ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும். மார்ச்சில் கவாத்து முடிந்த கையோடு ஒருவர் நடந்து அளந்து, "எல்லா லிங்க்கும் பச்சை" என்று காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஜூலையில் அதே இடத்தில் நின்று காட்டச் சொல்லுங்கள். மழையில் வழிகள் முறிந்து முறிந்து சேரும், பெற்றோர் மாறிக்கொண்டே இருப்பார்கள், அமைதியாக இருந்த டிரிக்கிள் ஓயாமல் பேச ஆரம்பிக்கும். பேட்டரி கணக்கு அங்கேதான் உடைகிறது.

லோராவுக்கு வருவோம். இதில் வழி என்று ஒன்றே இல்லை, எல்லா நோடும் நேராகக் கேட்வேக்கு. இந்தியாவில் 865-லிருந்து 868 மெகாஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தலாம். மெதுவாக, இழுத்து இழுத்துப் பேசுவதால் மிக மங்கலான சத்தத்தையும் கேட்வே பிடித்துவிடும். சிசி2420-க்கு -95 டிபிஎம்முக்குக் கீழே காது கேட்காது (டிபிஎம் என்பது சிக்னல் வலுவின் அளவு, எண் கீழே போகப் போக மங்கல்). எஸ்எக்ஸ்1276 போன்ற லோரா சிப் மிக மெதுவான வேகத்தில் -136 ஒட்டிப் போகும். 40 டெசிபல் வித்தியாசம் என்பது பத்தாயிரம் மடங்கு. முக்கியமாக, நோடு மற்றவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். பேசிவிட்டு, பதில் ஏதும் உண்டா என்று ஒரு கணம் கேட்டுவிட்டுத் தூங்கப் போகும்.

ஆனால் "மெதுவாக" என்பதற்கு விலை உண்டு. எஸ்எஃப் (ஸ்பிரெடிங் ஃபேக்டர்) 7 முதல் 12 வரை ஆறு வேகம், எண் கூடக் கூட மெதுவு. தலைப்பையும் சேர்த்து 33 பைட் ஆகும் நம் செய்தி, எஸ்எஃப் 7-ல் 72 மில்லிசெகண்டில் போய்விடும். எஸ்எஃப் 10-ல் 0.45 செகண்ட். எஸ்எஃப் 12-ல் 1.8 செகண்ட். அனுப்பும்போது 40 மில்லிஆம்பியர் என்று வைத்து, நாளைக்கு 96 செய்தி என்றால், எஸ்எஃப் 7-ல் இருக்கும் நோடுக்கு ஒரு நாளைக்கு 0.08 மில்லிஆம்பியர்-மணிகூட ஆகாது. எஸ்எஃப் 12-ல் இருப்பதற்கு 1.9. இருபத்தைந்து மடங்கு. தூங்கும்போது கசிவதும் சென்சார் தின்பதும் தனி, அது எந்த வழிக்கும் ஒன்றுதான்.

மோசமான எஸ்எஃப் 12 கூட நூற்றில் ஒரு பங்கு விழிக்கும் மெஷ்ஷின் 4.8-ல் பாதியைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். நேரம் வகுத்த நல்ல மெஷ் இதோடு போட்டி போடும், சரி. ஆனால் அதை மழையில் கட்டிக் காக்க ஒரு ஆள் வேண்டும்.

லோராவில் பேட்டரி ஆயுளை நிர்ணயிப்பது கேட்வே நிற்கும் இடம். எல்லாரும் கரண்ட் இருக்கிற இடம், நெட் இருக்கிற இடம் என்று பங்களாக் கூரையில் மாட்டிவிடுகிறார்கள். பங்களாக்கள் பெரும்பாலும் ரோட்டை ஒட்டி, பள்ளத்தில். சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நோடு நட்டுக்கொண்டிருந்தபோது காய் எடுக்க வந்திருந்த ஒரு அக்கா பக்கத்தில் வந்து பார்த்தார்.

"தம்பி, இதுல சிம்மு போட்டிருக்கா?"

"இல்லக்கா. மேல ஒரு பெட்டி வைப்போம், அதுக்குச் சேதி போகும்."

"மேலன்னா? ஸ்டோர்லயா? அங்க நின்னா எங்க போனே எடுக்காது. வீட்டுக்குப் பேசணும்னா அந்தா தெரியுதுல்ல, அந்தப் பாறைக்குத்தான் ஏறுவோம்."

சர்வே பண்ண ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். எந்தப் பாறையில் போடி டவர் எடுக்கும், எந்த வளைவில் போய்விடும் என்பது தினம் ஜீப்பில் வந்து போகும் பெண்களுக்கு மனப்பாடம். அந்தப் பாறையிலிருந்து இரண்டு சரிவும் தெரிந்தது. கேட்வேக்கு வேண்டிய உயரமும் வெளியே அனுப்ப வேண்டிய 4ஜி சிக்னலும் ஒரே இடத்தில். மேலே மரமில்லாத பாறை என்பதால் அங்கே சோலாரும் எடுபடும். கேட்வே 4 வாட் எடுத்தால் நாளைக்கு 96 வாட்-மணி. மழைக்காலத்தில் இரண்டு மணி நேர வெயில்தான் என்று வைத்தால் 50 வாட் பேனல் இழுத்துப்பிடிக்கும், 100 வாட் போட்டால் நிம்மதி. இன்னொரு கேட்வே செலவைப் பார்த்துத் தயங்குகிறவர்கள், எஸ்எஃப் 12-ல் இருக்கும் நோடுகள் 8-க்கோ 9-க்கோ இறங்கினால் அவற்றின் ரேடியோ செலவு சுமார் ஏழில் ஒரு பங்குக்கோ அதற்கும் கீழேயோ வந்துவிடும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வேகத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏடிஆர் வசதியைச் சர்வரில் போட்டுவைத்தால் போதும், நோடைத் தொடவே வேண்டாம்.

எங்கே வைத்தாலும் ஓடைப் பள்ளத்தில் இரண்டு மூன்று நோடு எட்டாமல் போகலாம். அதற்காக முழுத் தோட்டத்தையும் மெஷ் ஆக்க வேண்டியதில்லை. லோராவில் நோடும் கேட்வேயும் பேசிக்கொள்ளும் விதிமுறையான லோராவான் தரத்திலேயே 2022-ல் ரிலே வந்துவிட்டது, நடுவில் ஒரு தாவல் மட்டும். ரிலேயாக நிற்கும் நோடு அவ்வப்போது கண் விழித்துப் பார்க்க வேண்டியிருப்பதால் அதற்கு மட்டும் பெரிய பேட்டரி.

லோரா ரேடியோவிலேயே மெஷ் ஓட்டும் மெஷ்டாஸ்டிக் மென்பொருளைப் போடலாமே, சும்மா கிடைக்குதே என்று இளவட்டங்கள் கேட்பார்கள். ஆட்கள் ஒருவருக்கொருவர் மெசேஜ் அனுப்ப நல்ல சாமான். ஆனால் கேட்ட செய்தியை மறுபடி பரப்பிவிடும் முறை அது, அதற்காக ரேடியோ கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ரேடியோ 5 மில்லிஆம்பியர் எடுத்தாலே நாளைக்கு 120. மூன்று வாரத்தில் பேட்டரி முடிந்தது. நோடுக்கு நோடு சிம் போடும் என்பி-ஐஓடியும் இங்கே வேண்டாம். சிக்னல் மங்கினால் அதே செய்தியை 128 தடவை வரைகூடத் திரும்பத் திரும்ப அனுப்பும் ஏற்பாடு அதில் உண்டு. பள்ளத்தில் நிற்கும் நோடு அதைத்தான் செய்துகொண்டிருக்கும்.

இதுவரை சொன்னது மண் ஈரத்துக்கு. ஒரு செய்தி தொலைந்தால் அடுத்த கால் மணியில் இன்னொன்று வரும், குடி முழுகாது. நிலச்சரிவுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் அமைத்த நிலச்சரிவு எச்சரிக்கை வலையைப் பார்த்தால் தெரியும். பூமிக்குள் ஆழ இறக்கிய நீரழுத்த மானிகள், அதிர்வு அளக்கும் ஜியோஃபோன்கள், மேலே இரண்டடுக்கு வயர்லெஸ், வெளியே போக சாட்டிலைட். கீழடுக்கு நோடுகள் மேலடுக்குத் தலைவர்களுக்கு அனுப்புகின்றன. இதுவும் கிளஸ்டர்தான், ஆனால் லீச் மாதிரி பதவி சுற்றுவதில்லை. தலைவர்கள் நிலையானவர்கள், வலு கூடியவர்கள். சும்மா இருக்கும் காலத்தில் மெதுவாக அளந்து, மழை கூடும்போது வேகத்தைக் கூட்டுவார்கள். மிச்சம் பிடிப்பது வெயில்நாளில், செலவழிப்பது அடைமழையில். 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 உயிர் போனபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை, வெளியே தெரிந்தது மறுநாள் காலையில்தான். அப்படிப்பட்ட இரவில் பேச வேண்டிய வலைக்கு இரண்டு வழியாவது வேண்டும், பேட்டரி இரண்டு வருடம் வருமா என்பது அங்கே இரண்டாம் பட்சம். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு மேலே இருக்கும் சரிவைக் கண்காணிப்பதாக யாராவது ஒற்றைக் கேட்வே லோராவை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

மூணாறு, தேவிகுளம் பக்கத் தேயிலைக்காரர்கள் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு வெப்பம் அளக்கக் கேட்பதுண்டு. தேயிலை இடுப்பளவுதான், மறைக்க நிழல் மரமும் கொஞ்சம்தான். லோரா அங்கே இன்னும் எளிது, மேட்டில் ஒரு கேட்வேயே பல சரிவுகளைப் பார்த்துக்கொள்ளும். ஆனால் பனி இறங்குவது பள்ளத்தில். நோடை அங்கே வைக்காமல் சிக்னல் நன்றாக எடுக்கிறதென்று மேட்டில் வைத்தால் பேட்டரி தாங்கும், பனி தெரியாது.

ஏலத்தோட்டத்துக்கு நான் எழுதிக் கொடுப்பது இதுதான்: லோராவான், பாறை உச்சியில் ஒரு சோலார் கேட்வே, ஸ்டோர் கூரையில் கரண்டில் இன்னொன்று, ஓடைக்கு ஒரு ரிலே. ஆன்டெனா இலைக்கு மேலே வரும்படி இரும்புக் குழாயில். நோடுக்குள் லித்தியம் தயோனைல் குளோரைடு பேட்டரி, கூடவே ஒரு கெபாசிட்டர், ஏனென்றால் அந்த வகை பேட்டரிக்குத் திடீரென்று 40 மில்லிஆம்பியர் கேட்டால் வோல்டேஜ் இறங்கிவிடும். எல்லாம் நட்டு முடித்து ஒரு மழை வாரம் ஓடவிட்டு, ஒவ்வொரு நோடும் எந்த எஸ்எஃப்பில் நிற்கிறது என்ற பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். 11, 12 என்று ஐந்தாறுக்கு மேல் இருந்தால், பாக்கிப் பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்வேயை நகர்த்தச் சொல்லலாம்.